பன்னிரண்டு மில்லிமீற்றர்

காலை ஆறரைக்கு
இரணைமடுக் கட்டின் கீழே ஒரு கல்லில் தொடங்கி,
வாய்க்காலோடு இறங்கி, வயல் பக்கம் சுற்றி,
வெயில் உச்சிக்கு வர அதே கல்லில் முடித்தோம்.
கணக்கில் அந்தக் கல்
பன்னிரண்டு மில்லிமீற்றர் வளர்ந்திருந்தது.

கல் வளராது.

பிழை எங்கள் நாலு பேரில் யாரோ ஒருவரின் கையில்,
அல்லது கண்ணில், அல்லது
முந்தின இரவு இரண்டு மணிவரை நடந்த
கரம் போட்டியில்.

லஹிரு பொலன்னறுவைக்காரன்.
முதலாம் வருடம் சோறு, காசு, நாளைக்கு என்ற
மூன்றே சொல்லோடு அறிவியல் நகரில் இறங்கியவன்;
மிச்சத்தைக் கன்ரீன் சொல்லிக்கொடுத்தது.
"பூசி விடுவம் மச்சான்" என்றான்,
அச்சொட்டாக எங்கள் ஊர்ச் சோம்பலோடு.

பூசுவது லேசு.
பன்னிரண்டு நிலையம், நிலையத்துக்கு ஒரு மில்லிமீற்றர்,
ஓர் அழிறப்பர், நாலு பிளேன்ரீ.
போன பட்ச் அப்படித்தான் செய்தது என்று
போன பட்சே சொல்லித் தந்திருந்தது.
துவாரகன் பென்சிலைக்கூடச் சீவிவிட்டான்.

றிஸ்மியாதான் அழிறப்பரைக் கொடுக்கவில்லை.
உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு,
ஏழாவது நிலையத்தில் தான் கோலை ஒரு கையால் பிடித்ததை,
மற்றக் கையில் பாலைப்பழம் இருந்ததை,
பால் ஒட்டி உதடு பிரியாததால்
"தாழுது" என்று கத்த முடியாமற் போனதை
ஒவ்வொன்றாகச் சொன்னாள்.
நாங்கள் சிரித்த சிரிப்பில்
கன்ரீன் பூனை எழுந்து போனது.

சனிக்கிழமை லஹிருவுக்குக் கிரிக்கெட் மட்ச்,
எனக்குக் குமுழமுனைக்குப் போக பஸ்,
துவாரகனுக்கு நித்திரை.
மூன்றையும் விட்டுவிட்டு
கருவிக்குக் கையெழுத்து வைத்து எடுத்தோம்.
முக்காலி சைக்கிளில் குறுக்கே கிடக்க
எதிரே வந்த மாடுகள்தான் ஒதுங்கின.

ஏழாவது நிலையம் ஒரு வரம்பு.
முறைத்தண்ணீர் நின்று மூன்று நாள்;
சேறு காய்ந்து, கோலின் அடி
நீள்சதுரமாய் அப்படியே பதிந்து கிடந்தது,
பக்கத்தில் துப்பிய கொட்டை இரண்டு.
துவாரகன் அடிமட்டத்தை இறக்கினான்.
"பதின்மூன்று."
"பன்னிரண்டு. நல்லாப் பார்."
குந்தியிருந்து சண்டை பிடித்தோம்
ஒரு மில்லிமீற்றருக்காக.
இரண்டு வருடத்தில் எந்த விரிவுரைக்கும்
அவ்வளவு கிட்டக் குனிந்ததில்லை நான்.

அப்போது மண்வெட்டியோடு வந்த சந்திரமலர்
"உதில என்ன துலைச்சனியள்?" என்றாள்.
சொன்னோம்.
அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை.
"உங்கட மிசின் என்ர காணியையும் பாக்குமோ?
கடைசி வயல். தண்ணி வாசல்மட்டும் வந்திட்டுத் திரும்புது."

அது பாடத்திட்டத்தில் இல்லை.
முக்காலியைத் தூக்கினோம்.
இரண்டு வாசிப்பு, ஒரு கழித்தல்:
வாய்க்கால் தண்ணீர் மட்டத்தைவிட
வயல் ஒன்பது சென்ரிமீற்றர் உயரம்.
"உயரம் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள்,
"எத்தினை எண்டுதான் தெரியாது."
என் அடிமட்டத்தை வாங்கி
மண்வெட்டிப் பிடியில் ஒன்பதை அளந்து,
கத்தியால் ஒரு கோடு கீறிக்கொண்டு போனாள்.
போன கையோடு வெட்டத் தொடங்கிவிட்டாள்.

முறிகண்டியில் கச்சான் வாங்கினோம்.
கோது காற்சட்டையெல்லாம் ஒட்டியிருக்க
லஹிரு அம்மாவுக்குப் போனில் கதை சொன்னான்.
முழுக்கச் சிங்களம்.
நடுவில் ஒரு தடவை
"வரம்பு" என்று கேட்டது.

அறிக்கை திரும்பி வந்தது: பத்துக்கு ஏழு.
எழுத்து மோசம் என்று ஒன்று வெட்டு,
பிந்தியதற்கு இரண்டு.
ஒன்பது சென்ரிமீற்றருக்கு அதில் இடமே இல்லை.
ஏழாவது நிலையத்து வரியில்
மஞ்சளாய் ஒட்டியிருந்த கறையைச் சிவப்பால் வட்டமிட்டு
சேர் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

அதற்கு நாங்கள் விளக்கம் எழுதவில்லை.
றிஸ்மியா மட்டும்
உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.